நடுநாட்டுப் பயணம் 4: தை பிறந்த சாலை

சென்ற இதழில் உளுந்தூர்பேட்டையில் நின்ற பயணம், தை மாத முகூர்த்த நாளொன்றின் விடியலில் விருத்தாசலம் சாலையில் தொடர்கிறது. பனி இன்னும் விலகவில்லை. மங்கலம்பேட்டைக்குள் நுழைந்ததுமே கல்யாண வேன்கள் முன்னும் பின்னும் சேர்ந்துகொள்கின்றன. மார்கழி முழுக்கக் காத்துக் கிடந்த கல்யாணங்கள் தை பிறந்ததும் ஒரே மூச்சில் வருகின்றன. வாழைமரம் கட்டிய வாசல்கள், மணமக்கள் படம் போட்ட ஃபிளெக்ஸ், கனகாம்பரம் சூடிய பெண்கள். பேருந்தில் ஏறிய பெண்களின் பேச்சிலிருந்து ஒரு சேதி தெரிகிறது: இன்றைய ஜோடி விரும்பித்தான் மணக்கிறார்கள். நாள் பார்த்துக் கொடுத்தவர்கள் இரு வீட்டுப் பெரியவர்கள்.

அந்தச் சேதி தந்த மகிழ்ச்சி விருத்தாசலம் வரை கூட வந்தது.

காதலுக்கும் இந்த ஊருக்கும் பழைய உறவு உண்டு. விருத்தாசலத்தின் பழைய பெயரான திருமுதுகுன்றத்தில் பழமலைநாதரிடம் சுந்தரர் பெற்ற பொன் பன்னிரண்டாயிரம். அதை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டுத் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்கிறது தலபுராணம். யாருக்காக? திருவாரூரில் காத்திருந்த பரவை நாச்சியாருக்காக. ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடிய கதையை இங்கே குழந்தைகள்கூடச் சொல்வார்கள்.

அருகிலுள்ள மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர். இங்கே முருகனுக்கு மனித உருவம் இல்லை. பலிபீட வடிவில் இருக்கிறார். வள்ளியைக் காதலித்து மணந்த தெய்வத்திடம் மக்கள் வழக்கே தொடுக்கிறார்கள். மனக்குறையைத் தாளில் எழுதி, முனியப்பர் சந்நிதியில் கட்டுவதற்குப் 'பிராது கட்டுதல்' என்று பெயர். ஊர் எவ்வளவு தூரமோ அதற்கேற்பக் கட்டணம். குறை தீர்ந்ததும் திரும்பி வந்து 'ராஜினாமா' கொடுக்க வேண்டும். கல்யாணத் தடைக்காகப் பிராது கட்டுபவர்களும் இதில் உண்டு.

விருத்தாசலத்தின் இன்னொரு முகம் செராமிக். களிமண் கூழைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றினால் அச்சு நீரை உறிஞ்சிக்கொள்ளும். மிஞ்சும் வடிவத்தை உலர்த்திச் சூளையில் சுடுகிறார்கள். அகல் விளக்கும் கொலு பொம்மையும் இப்படித்தான் பிறக்கின்றன. தாம்பூலப் பையில் போடுவதற்கு இதைவிடப் பொருத்தமான உள்ளூர்ப் பொருள் எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் இந்தச் சாலையில் கல்யாணம் பற்றி எழுதிவிட்டுப் புதுக்கூரைப்பேட்டையைச் சொல்லாமல் கடந்து போக முடியாது. விருத்தாசலம் வட்டாரத்து ஊர்தான். முருகேசன் பொறியியல் பட்டதாரி, தலித் இளைஞர். கண்ணகி வணிகவியல் படித்தவர், வன்னியர். 2003 மே 5 அன்று கடலூரில் யாருக்கும் தெரியாமல் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். மேளமில்லை, பந்தியில்லை. ஜூலை 8 அன்று பெண்ணின் உறவினர்கள் இருவருக்கும் விஷம் புகட்டிக் கொன்று எரித்தார்கள். வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. கடலூர் நீதிமன்றம் 2021இல்தான் தீர்ப்புச் சொன்னது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனைகளை உறுதி செய்தது. நீதிக்கு ஏறக்குறைய 22 ஆண்டுகள்.

அதனால்தான் மங்கலம்பேட்டையில் காதில் விழுந்த சேதி அத்தனை பெரிதாகப்பட்டது. விரும்பிய இருவருக்கு ஊரறியப் பந்தலும் பந்தியும் கிடைப்பது இந்த மண்ணில் சாதாரணமல்ல. அடுத்த தைக்கு நாள் குறிக்கப் பஞ்சாங்கம் எடுக்கும் பெற்றோர்களே, முதலில் உங்கள் பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர்கள் சொல்லும் பெயர் எந்தத் தெருவிலிருந்து வந்தாலும் அதற்கும் சேர்த்தே முகூர்த்தம் பாருங்கள்.

(பயணம் தொடரும்)