வெற்றிடமும் பூச்சியமும்

வைகாசியில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொண்டால், இரத்தினபுரித் தோட்டங்களிற் பிரட்டுக்கு வந்தவர்கள் வேலையின்றித் திரும்பும் நாட்கள் பல. கேகாலையின் இறப்பர் மலைகளிலோ மரப்பட்டை நனைந்திருந்தாற் பால்வெட்டு நின்றுவிடும். கையாற் செக்ரோல் எழுதிய காலத்தில் அந்நாளின் கட்டம் எழுதப்படாமற் கிடக்கும். தோட்டத்தையறிந்த எவருக்கும் அவ்வெறுமையின் பொருள் மழை என்பது விளங்கும்.

இன்று அதே கட்டங்கள் கணினியில் நிரப்பப்படுகின்றன. மாத முடிவில் அவை சலாகை வரைபாகவும் கோட்டு வரைபாகவும் உருமாறி மேலிடத்துக்குச் செல்கின்றன. ‘வரைபு சரியாகத் தெரியவில்லை’ என்று எழுதுவினைஞர் முறையிடும்போது, மென்பொருளைப் பழிப்பதே எளிதாகிறது. பெரும்பாலும் பிழை திரையில் இல்லை, கட்டத்தினுள்ளேயே இருக்கின்றது.

ஒரு கொழுந்துக்காரி மாதத்தில் 20 நாள், நாளொன்றுக்கு 18 கிலோ வீதம் பறித்தாள் எனக் கொள்க. ஐந்து நாள் மழை. அக்கட்டங்கள் வெறுமையாக விடப்பட்டால், எக்செல் அவற்றைச் சராசரியிற் சேர்ப்பதில்லை, விடை 18. எழுதுவினைஞர் ஒழுங்குக்காக அங்கே பூச்சியம் இட்டுவிட்டாலோ, 360 கிலோ 25 ஆல் வகுபட்டு 14.4 ஆகிவிடுகின்றது. தோட்டத்தின் அன்றாட அளவு 16 கிலோவாயின், ஒருநாளேனும் அளவுக்குக் குறையாத பெண் வரைபில் மாதம் முழுவதும் குறைந்தவளாகக் காட்சியளிப்பாள். ‘அரைப்பேர்’ என்ற சொல் லயங்களில் எத்துணைக் கசப்பானது என்பதை அறிந்தவர்க்கு இது வெறுங்கணிதமன்று. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாவான பின்னர், அளவுக் கிலோவைப் பற்றிய பிணக்கு பல தோட்டங்களிற் கூர்மையடைந்ததும் நினைவிற் கொள்ளத்தக்கது.

வேறு பிழைகளும் உள. கட்டத்தில் ‘18 கி.’ என்று எழுத்தையுஞ் சேர்த்து இட்டால், கணினி அதனை எண்ணாகக் கொள்ளாது. சலாகை தரையோடு கிடக்கும். மறைத்துவைத்த வரிசைகள், வேறுவிதமாகப் பணித்தாலன்றி, வரைபிலிருந்தும் மறைந்துபோம். வெற்றுக் கட்டத்தை இடைவெளியாக விடுவதா, பூச்சியமாகக் காட்டுவதா, அயற்புள்ளிகளைக் கோட்டால் இணைப்பதா என்று தெரிவுசெய்யும் வசதியும் எக்செலில் உண்டு. அதனைத் திறந்து பார்ப்பவர் சிலரே.

அச்சின் தொடக்கம் இன்னொரு பொறி. இரசாயன உர இறக்குமதிக்கு 2021 இல் விதிக்கப்பட்ட தடையை அடுத்து, அவ்வாண்டு சுமார் 299 மில்லியன் கிலோவாக இருந்த இலங்கைத் தேயிலை உற்பத்தி 2022 இல் சுமார் 251 மில்லியனாக இறங்கியது. வீழ்ச்சி ஏறக்குறைய 16 வீதம். நிலைக்குத்து அச்சை 240 இலிருந்து தொடங்கினால், இரண்டாம் சலாகை முதலாவதன் ஐந்திலொரு பங்காகச் சுருங்கிவிடும். உண்மையான துயரமே போதியதாயிருக்க, அதனை இவ்வாறு பெருப்பித்துக் காட்டுவது, அதனை மறைப்பதற்குச் சற்றும் குறையாத தவறு.

சலாகை வரைபின் பிறப்பே இவ்விடயத்தில் ஒரு பாடம். வில்லியம் பிளேபெயர் 1786 இல் வெளியிட்ட வரைபு நூலில், ஸ்கொத்லாந்தின் வணிகத்துக்கு ஓராண்டுக் கணக்கே அவர் கைக்கு எட்டியிருந்தது. காலக்கோடு வரைய வழியில்லை. ஆகவே ஏற்றுமதியையும் இறக்குமதியையும் நாடுவாரியாகச் சலாகைகளால் வரைந்தார். கிடைக்காத ஆண்டுகளுக்குப் பூச்சியமிட்டுக் கோட்டை நீட்ட அவர் துணியவில்லை.

2017 மே மாத இறுதியில் வெள்ளமும் மண்சரிவும் இரத்தினபுரியைத் தாக்கின. அத்தகைய நாட்களில் ஒரு மலையிற் கொழுந்து எடுக்கப்படவில்லை என்பது ஒரு செய்தி. எடுத்தும் ஒன்றும் கிடைக்கவில்லை என்பது முற்றிலும் வேறான செய்தி. இரண்டையும் ஒரே வட்டத்தால் எழுதும் பழக்கத்தை விட, கிலோ நிரலுக்கு அருகில் இன்னொரு நிரலைத் திறந்து, வேலையில்லா நாளுக்கு ‘ம’ என்றோ ‘வி’ என்றோ, மழையா விடுமுறையா எனக் குறித்தாற் போதும். எழுதுவினைஞருக்கு அதனால் நேரும் மேலதிக வேலை நாளுக்கு ஓரெழுத்து.