மீண்டெழும் மனம்

1881ஆம் ஆண்டு கோலாலம்பூருக்குச் சோதனை மிகுந்த ஆண்டு. தீயும் வெள்ளமும் அடுத்தடுத்துத் தாக்கின. மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் கட்டப்பட்டிருந்த வீடுகள் அழிந்தன. நகரம் மீண்டும் எழுந்தது. ஆனால், பழைய முறையில் எழவில்லை. செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டடங்கள் உருவாயின. அதற்குச் செங்கல் தந்த சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். மீண்டெழுதல் என்பது விழுந்த காரணத்தை அறிந்து, செய்யும் முறையை மாற்றிக்கொள்வதாகும்.

இப்பண்பு வீடு விற்பனைத் தொழிலில் இருப்போருக்கு இன்றியமையாதது. பிரிக்பீல்ட்ஸ் தொடங்கிக் கிள்ளான் வரை இத்தொழிலில் பலர் ஈடுபட்டுள்ளனர். மலேசியாவில் இத்தொழில் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தால் முறைப்படுத்தப்பட்டுள்ளது. விற்பனையாளர் உரிய பயிற்சி பெற்று, பதிவு பெற்ற நிறுவனம் ஒன்றின் கீழ்ப் பணியாற்ற வேண்டும். இவர்களுள் பலருக்கு மாதச் சம்பளம் கிடையாது; விற்பனை முடிந்தால்தான் தரகுப்பணம் கிடைக்கும்.

கிள்ளானில் பணியாற்றும் ஓர் இளம் விற்பனையாளரைக் கற்பனை செய்வோம். அவர் 400,000 ரிங்கிட் மதிப்புள்ள வீட்டை விற்க முயல்கிறார். தரகுப்பணம் 3 விழுக்காடு என்றால் 12,000 ரிங்கிட். அதிலும் ஒரு பங்கு நிறுவனத்திற்குரியது. வாங்குபவர் வீட்டை விரும்பி முன்பணமும் செலுத்துகிறார். சில வாரங்களில் வங்கி கடனை மறுக்கிறது. பல வார உழைப்பு வீணாகிறது. வீட்டு வாடகையும் வாகனத் தவணையும் மட்டும் தவறாமல் வந்து நிற்கின்றன.

இந்நிலையில் சோர்வு வருவது இயல்பே. சோர்ந்த மனம், “எனக்கு இத்தொழில் ஒத்துவராது” என்று முடிவு கட்டும். தெளிந்த மனமோ, “எங்கே தவறியது?” என்று கேட்கும். வாங்குபவரின் வருமானத்தையும் இருக்கும் கடன்களையும் முன்கூட்டியே விசாரித்திருந்தால் இந்த ஏமாற்றத்தைத் தவிர்த்திருக்கலாம். அடுத்த முறை அவர் அதையே முதலில் செய்கிறார். நல்ல மாதத்தில் கிடைத்த பணத்தில் ஒரு பகுதியை வறண்ட மாதத்திற்கெனச் சேமிக்கவும் பழகுகிறார்.

எல்லாத் தடைகளும் நம் கைக்குள் அடங்குவன அல்ல. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபோது, வீடுகளை நேரில் காட்டும் வழி அடைபட்டது. சந்தையை யாராலும் திறக்க முடியாது. ஆனால், காணொலி எடுத்து வீட்டைக் காட்ட முடியும். மாற்ற இயலாததை ஏற்று, இயன்றதைச் செய்வதும் மீள்திறனே.

தோல்வியின் மிகக் கடுமையான சோதனை வேறொன்று. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா உள்ளிட்ட பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. அத்தகைய பகுதியில் வீடு பார்க்க வரும் குடும்பம், “இங்கே வெள்ளம் ஏறியதா?” என்று கேட்கிறது. மூன்று மாதமாக வருமானமின்றித் தவிக்கும் விற்பனையாளர் என்ன சொல்வார்? மழுப்பினால் வீடு விற்கலாம். உண்மையைச் சொன்னால் அக்குடும்பம் திரும்பிப் போகலாம். எனினும், அந்த வீட்டில் தம் வாழ்நாள் சேமிப்பைப் போடப்போவது அவர்களே. உண்மையைச் சொல்லி விற்பனையை இழப்பவர் அன்று பணத்தை இழக்கிறார். தம் சொல்லின் மதிப்பை இழப்பதில்லை.

எவ்வளவு முயன்றும் இத்தொழில் தமக்குப் பொருந்தவில்லை என்று கண்டு, வேறு பணிக்குச் செல்பவரும் உண்டு. அதுவும் தோல்வியன்று. அடைந்த அனுபவம் அவருடனேயே செல்கிறது. தேர்வானாலும் திடலானாலும் தொழிலானாலும், சறுக்கியவர் தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு: இதில் என் கையில் இருப்பது எது? எழுவதற்காக நான் எதை விட்டுக்கொடுக்கக் கூடாது?