ஆர்தர் வீதி

நியூயார்க் மாநகரின் வடபால் பிராங்க்ஸ் என்னும் பெரும்பகுதி உள்ளது. ஆங்கே புகழ்பெற்ற விலங்குக்காட்சி சாலை ஒன்றும் தாவரப் பூங்கா ஒன்றும் பரந்து கிடக்கின்றன. காண வருவோருள் பலர் சிங்கத்தையும் வேங்கையையும் கண்டு களித்து, வந்த வழியே மீண்டு விடுவர். விவரம் அறிந்த சிலரோ மேற்கே சிறிது தூரம் நடந்து, பெல்மாண்ட் என்னும் குடியிருப்பை அடைவர். அதன் நடுவே செல்வது ஆர்தர் வீதி. வழி கேட்க வேண்டுவதில்லை. அடுப்பிலிருந்து அப்போதே எடுத்த ரொட்டியின் மணமும் வறுத்த காப்பிக்கொட்டையின் மணமும் எதிர்கொண்டு அழைக்கும்.

1880 முதல் 1920 வரையுள்ள காலத்தில் ஏறத்தாழ நாற்பது இலட்சம் இத்தாலியர் அமெரிக்காவிற்குக் குடிபெயர்ந்தனர். அவருள் பெரும்பாலோர் நேப்பிள்ஸ், கலாப்ரியா, சிசிலி முதலிய தென்பகுதிகளைச் சேர்ந்த ஏழை உழவர். இத்தாலி 1861-இல்தான் ஓர் அரசாயிற்று. ஆதலால், கப்பலேறியபோது அவர்கள் தம்மை இத்தாலியர் என்று எண்ணியதைவிடத் தத்தம் ஊரார் என்றே மிகுதியும் எண்ணினர். ஒருவர் பேச்சு வழக்கு மற்றவருக்கு விளங்குவதும் அரிது. அன்னோருள் ஒரு சாரார் விலங்குக்காட்சி சாலையைக் கட்டும் வேலையில் கூலிகளாக அமர்ந்தனர். அச்சாலை 1899-இல் திறக்கப்பெற்றது. வேலை செய்த இடத்திற்கு அருகிலேயே குடியும் அமர்ந்தனர். பின்னர்க் கார்மல் மலை மாதா கோயில் எழுந்தது, கடைகளும் எழுந்தன.

பிறந்த ஊரில் வெண்கோதுமை ரொட்டியும் இறைச்சியும் அவர்களுக்குத் திருநாள் உணவு. அமெரிக்காவில் கூலி வாங்கிய கையால் அவற்றை வாரந்தோறும் வாங்க முடிந்தது. நூலிழை போன்ற கோதுமைச் சேவையின்மேல் பெரிய இறைச்சி உருண்டைகளை வைத்து உண்ணும் வழக்கம் இத்தாலியிலிருந்து வந்தது என்று பலர் கருதுகின்றனர். அஃது அமெரிக்காவில் வளர்ந்த வழக்கமே. பசித்திருந்தவர் கண்ட நிறைவு அது. அக்காலத்துச் சமூகத் தொண்டர் சிலர் இவர்கள் வீடுதோறும் சென்று, பூண்டை விடுங்கள், காரத்தைக் குறையுங்கள், அமெரிக்கர் உண்பதை உண்ணுங்கள் என்று அறிவுரை கூறினர். இத்தாலியத் தாய்மார் பொறுமையாகக் கேட்டனர். பூண்டை மட்டும் விடவில்லை. அந்தப் பூண்டின் மணத்தை நாடி இன்று ஊரே இவ்வீதிக்கு வருகின்றது!

பால்கட்டிக் கடை ஒன்றில் நுழைவோர் முதலில் மேலே பார்ப்பர். சுரைக்காய் வடிவில் பால்கட்டிகள் கயிற்றில் கட்டப்பெற்று உத்தரத்திலிருந்து தொங்கும். உள்ளே ஒருவர் தயிர்க்கட்டியைத் துண்டங்களாக்கிச் சுடுநீரில் இடுகின்றார். அஃது இளகியதும் இழுத்து மடிக்கின்றார், மீண்டும் இழுக்கின்றார். கரடாக இருந்த கட்டி பட்டுப்போல் மினுமினுக்கின்றது. அதனைக் கையளவாகக் கிள்ளி உருட்டி நீரில் இடுகின்றார். மொசரெல்லா என்னும் இதன் பெயர், வெட்டியெடுத்தல் என்று பொருள்படும் இத்தாலியச் சொல்லிலிருந்து பிறந்தது. நீரின் சூடு தாங்கிச் சிவந்த அக்கைகளைக் கண்டவர், பிறகு விலையைப் பற்றிப் பேச மாட்டார். மீன்கடையின் வாயிலில் பனிக்கட்டியின்மேல் மட்டிகளைப் பரப்பி வைத்திருப்பர். கேட்பவருக்கு அங்கேயே ஓட்டைத் திறந்து தருவர். எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து பச்சையாகவே விழுங்க வேண்டும். புதியவர் தயங்குவதும், பக்கத்தில் நிற்கும் முதியவர் ஒன்றை விழுங்கிக் காட்டுவதும் வேடிக்கையான காட்சி.

முற்காலத்தில் இவ்வீதியில் தள்ளுவண்டிக்காரரே மிகுதி. அவர்களை ஒரு கூரையின்கீழ்க் கொணர எண்ணிய மாநகரத் தலைவர் லகார்டியா, 1940-இல் இங்கு ஓர் அங்காடியைத் திறந்துவைத்தார். மழையும் பனியும் இனி வணிகரைத் தாக்கா. பண்டங்களும் தூய்மையாக இருக்கும். ஆயினும், வாடகையின்றித் தெருவில் விற்ற ஏழைக்கு அம்மாற்றம் எளிதாக இருந்திராது என்பதையும் மறைத்தல் ஆகாது. அவ்வங்காடி இன்றும் நடைபெறுகின்றது. லகார்டியாவின் தந்தை இத்தாலியர். தாய் யூத குலத்தவர். இளமையில் அவர் குடியேறுவோர் வந்திறங்கும் எல்லிஸ் தீவில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரிந்தவர்.

அங்காடிக்குச் சற்றுத் தொலைவில் டைட்டல் சகோதரர் கடை உள்ளது. ஆலிவ் எண்ணெயும் ஊறவைத்த காய்களும் பருப்பு வகைகளும் வாயில்வரை நிறைந்திருக்கும். கால் வைக்கும் இடத்தைக் குனிந்து பார்த்தால், தரையில் பதித்த சிறு ஓடுகளிடையே ஆறுமுனை விண்மீன் ஒன்று தோன்றும். அது யூதரின் அடையாளம். ஆஸ்திரியாவிலிருந்து வந்த யூதர் 1915-இல் தொடங்கிய கடை இது. விண்மீனைப் பதித்த காலம் 1930-களாகும். ஜெர்மனியில் யூதர்மீது பகை மூண்டெழுந்த காலமும் அதுவே. 1938-இல் இத்தாலிய அரசும் யூதருக்கு எதிராகச் சட்டங்கள் இயற்றியது. அவ்வாண்டே நோபல் பரிசு பெறச் சென்ற அறிஞர் என்ரிக்கோ ஃபெர்மி, தம் மனைவி யூதராதலின் தாயகம் திரும்பாது நியூயார்க்கிற்குக் கப்பலேறினார். பெல்மாண்ட் நூலகத்தில் உள்ள இத்தாலியப் பண்பாட்டு நிலையம் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. அத்தகைய நாள்களிலும் இத்தாலியப் பெண்கள் அந்த விண்மீனை மிதியாமல் மிதித்து, யூதர் கடையில் எண்ணெய் வாங்கிச் சென்றனர்.

இரண்டாம் உலகப்போருக்குப் பின், கூலிகளின் மக்கள் கல்வி கற்றுப் பொருளீட்டிப் புறநகர்களுக்குப் பெயர்ந்தனர். அவர்கள் விட்ட வீடுகளில் போர்ட்டோ ரிக்கர், அல்பேனியர், மெக்சிகர் எனப் பலர் வந்து குடியேறினர். பிட்சா சுடும் அடுப்பின்முன் இன்று அல்பேனியர் நிற்பதைக் காணலாம். இனி இதனை இத்தாலியர் வீதி என்று அழைக்கலாமா என்று கேட்போரும் உண்டு. சனிக்கிழமை காலையில் அவ்வினாவை எழுப்ப எவருக்கும் நேரமில்லை. தொலைவிலிருந்து வந்த பேரர்கள் ரொட்டிக் கடையின்முன் வரிசையில் நிற்கின்றனர். அவருள் பலர் பாட்டனின் மொழியைப் பேச அறியார். ஆனால் ரொட்டியின் பெயரை மட்டும் பாட்டி சொன்னபடியே சொல்லிக் கேட்கின்றனர். விற்பவரும் அதே சொல்லைத் திருப்பிச் சொல்லி, ரொட்டியைத் தாளில் சுற்றித் தருகின்றார்.