அம்மாவுக்கு ஒரு பூட்டு

போனை எடுக்கக் கொஞ்சம் தாமதமானால் இன்றைக்கும் அம்மா கேட்பாள், "என்னடா, மறுபடி உன் மிஷின் எடுத்துடுமோன்னு பயந்துட்டேன்." அந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

1998. தார்நாகாவில் வாடகை வீடு, ஒரே போன் லைன். மாயவரத்தில் அம்மா இரவு 11 மணிக்கு மேல், எஸ்டிடி கால் கட்டணமான பிறகு, பூத் வரிசையில் நின்று கூப்பிடுவாள். அதே லைனில்தான் என் லினக்ஸ் பெட்டியின் மோடமும். யூயூசிபி வழியாக மெயில் எடுக்க அது வெளியே டயல் செய்யும். சீத்தாபல்மண்டி நண்பன் வெளியிலிருந்து டயல் செய்து உள்ளே வருவான்.

யுனிக்ஸில் உள்ளே வருபவரை வரவேற்கும் புரோகிராமுக்கு 'கெட்டி' என்று பெயர். பெயருக்கேற்ப போர்ட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும் :-) அப்புறம் வெளியே டயல் செய்வது எப்படி? சன் இயந்திரங்களில் ஒரே போர்ட்டுக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு பெயர். தகராறைக் கெர்னலே தீர்த்துவிடும். நான் போட்டது ஜெர்மனிக்காரர் கெர்ட் டோரிங் எழுதிய எம்கெட்டி. அது போர்ட்டைப் பூட்டாமல் காத்திருக்கும், மணி அடித்தால் மட்டும் எடுக்கும். வேறு புரோகிராம் லாக் ஃபைல் வைத்திருந்தால் ஒதுங்கிக்கொள்ளும்.

புரோகிராம்களுக்குள் சமாதானம். ஆனால் மிஷினுக்கு நண்பனும் அம்மாவும் ஒன்றுதானே? முதல் மணியிலேயே எடுத்துக் காதில் கீச்சென்று கத்தும். அப்பாவை நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த இரவு, அம்மா மூன்று முறை கூப்பிட்டிருக்கிறாள். மூன்று முறையும் கீச். காசும் போச்சு. நான் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்தேன். மறுநாள் ஆபீஸுக்குத்தான் சேதி வந்தது. அப்பா பிழைத்துக்கொண்டார்.

ஊரிலிருந்து திரும்பியதும் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். இரவு 10.55க்கு கிரான் அதை ஓட்டும். அது ஒரு ஸ்லீப் புரோசஸைக் கிளப்பி, அதன் எண்ணை லாக் ஃபைலில் எழுதிவைக்கும். (எண்ணுக்குரிய புரோசஸ் உயிரோடு இல்லாவிட்டால் செத்த பூட்டு என்று அழித்துவிடும், அதனால்தான் ஸ்லீப்.) 12 மணி வரை எம்கெட்டி எடுக்காது, யூயூசிபி டயல் செய்யாது. நண்பனையும் 12 மணிக்கு மேல் வரச் சொல்லிவிட்டேன். போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுப்பேன்.

மோடம் போய், பூத் போய், 2017இல் தார்நாகாவுக்கு மெட்ரோவும் வந்துவிட்டது. இப்போது எந்த நேரத்தில் பேசினாலும் ஒரே காசுதான். அம்மா மட்டும் இன்னும் 11 மணிக்குத்தான் கூப்பிடுகிறாள்.