எலி ரத்தமும் அப்பத்தா தீர்த்தமும்

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுட்டு, எழுதினா மானம் போயிடுமேன்னு தள்ளிப் போட்டுட்டே வந்த விஷயம் இது. போற மானம் போகட்டும். கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க மக்களே.

சொந்த ஊர் அரியக்குடி, காரைக்குடி பக்கம். சென்னையில யார்கிட்ட ஊர் பேரைச் சொன்னாலும் உடனே ராமானுஜ ஐயங்காரைப் பத்திப் பேச ஆரம்பிச்சுடுவாங்க. இன்னிக்கு இருக்கிற கச்சேரி முறையை வகுத்துக் கொடுத்த மகான் பிறந்த ஊர்ல பிறந்துட்டு எனக்கு மோகனத்துக்கும் கல்யாணிக்கும் வித்தியாசம் தெரியாது. நான் வாசிச்சதெல்லாம் எலி ரத்தம்தான்.

2009-ல சென்னையில ஒரு ஆராய்ச்சிக்கூடத்துல திட்ட உதவியாளரா இருந்தேன். பேர் வேண்டாம். எனக்குக் கொடுத்த வேலை, எலி ரத்தத்துல ஹீமோபெக்சின்னு ஒரு புரதம் எவ்வளவு இருக்குன்னு அளக்குறது.

அது என்னய்யான்னு கேக்குறவங்களுக்கு. நம்ம ரத்தச் சிவப்பணுவுக்குள்ள ஹீமோகுளோபின் இருக்கு. அதுக்குள்ள இரும்பைப் பிடிச்சு வெச்சிருக்கிற ஒரு சின்ன மூலக்கூறுதான் ஹீம். அணுவுக்குள்ள இருக்கிற வரைக்கும் தங்கமான பிள்ளை. அணு உடைஞ்சு ஹீம் வெளிய வந்துட்டா ரவுடி. ரத்தக்குழாய்ச் சுவரை அரிக்கும், வீக்கம் கெளப்பும், சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும். அதைப் பிடிச்சுக் கல்லீரல்ல கொண்டுபோய் ஒப்படைக்கிற ஏட்டய்யாதான் ஹீமோபெக்சின். ஒரு ஏட்டய்யா ஒரே ஒரு ரவுடியைத்தான் பிடிப்பார், ஆனா உடும்புப் பிடி. கல்லீரல்ல சேர்த்ததும் பெரும்பாலும் இவரும் அங்கேயே காலி. அதனால ரத்த அணு நிறைய உடையுற நோய்கள்ல ஹீமோபெக்சின் அளவு சரசரன்னு எறங்கிடும்.

அரிவாள் அணு ரத்தசோகையில இது நடக்குது. அந்த நோய் எங்கேயோ ஆப்பிரிக்காவுலன்னு நெனைக்காதீங்க. இந்தியாவுல அந்த மரபணுக் கூறை முதன்முதல்ல கண்டுபிடிச்சு 1952-ல வெளியிட்டது நம்ம நீலகிரி மலைப் பழங்குடி மக்கள்கிட்டதான். லேமன், கட்புஷ்னு ரெண்டு பேர். எழுபது வருஷம் கழிச்சு 2023-ல தான் அதை ஒழிக்கிறதுக்குன்னு தேசிய அளவுல ஒரு இயக்கமே ஆரம்பிச்சாங்க. மனித ஹீமோபெக்சினையே மருந்தா ஏத்திப் பார்க்கிற ஆரம்பகட்ட சோதனைகளும் நடந்திருக்கு. அதனால இது சும்மா எலி புடிக்கிற வேலை இல்லைங்க.

எங்க பரிசோதனை எளிமையானது. 24 சுண்டெலி. 12-க்கு வெறும் உப்புத்தண்ணி ஊசி. மீதி 12-க்கு ஃபீனைல்ஹைட்ரசின், சிவப்பணுவை உடைக்கிற ரசாயனம். சில நாள் கழிச்சு மயக்கம் கொடுத்து இதயத்துல இருந்து ரத்தம் எடுக்கணும். அதோட எலி கதை முடிஞ்சுது. ஒரு சுண்டெலி உடம்புல மொத்த ரத்தமே ரெண்டு மில்லி தேறாது. உயிரோட வெச்சு எடுக்கணும்னா அதுல பத்துல ஒரு பங்குதான் எடுக்கலாம். எங்களுக்கு அது பத்தாது, பல சோதனை இருந்துச்சு. நெறிமுறைக் குழுகிட்ட எத்தனை எலின்னு எண்ணி, ஏன் அத்தனைன்னு காரணம் எழுதி அனுமதி வாங்கித்தான் செஞ்சோம்.

அளக்குற முறைக்கு எலைசான்னு பேர். 1971-ல ஸ்டாக்ஹோம்ல எங்வால், பெர்ல்மன் ரெண்டு பேரும், அதே வருஷம் நெதர்லாந்துல இன்னொரு கோஷ்டியும் தனித்தனியா கண்டுபிடிச்சது. 96 குழி உள்ள பிளாஸ்டிக் தட்டு, நம்ம குழிப்பணியாரச் சட்டிக்குப் பேரன் மாதிரி இருக்கும். குழியோட அடியில ஹீமோபெக்சினைப் பிடிக்கிற எதிர்ப்பொருளைப் பூசியிருப்பாங்க. சீரத்தை ஊத்தினா புரதம் அதுல ஒட்டிக்கும். கழுவணும். மேல நொதி கட்டின இன்னொரு எதிர்ப்பொருள். மறுபடி கழுவணும், கழுவணும், கழுவிட்டே இருக்கணும். கடைசியா நிறம் தர்ற கரைசல் ஊத்தினா நீலமாகும், அமிலம் விட்டா மஞ்சளாகும். மஞ்சள் அடர்த்தியா இருந்தா புரதம் அதிகம். அளவு தெரிஞ்ச ஹீமோபெக்சினையும் ஏழு குழியில ஏறுமுகமா போட்டு ஒரு வளைகோடு வரைஞ்சு, அதோட ஒப்பிட்டுக் கணக்குப் போடணும்.

இதுல ஒரு வேடிக்கை. அந்த நொதி எடுக்கிறது குதிரைமுள்ளங்கிங்கிற வேர்ல இருந்து. அந்த நொதிக்குள்ளயும் ஒரு ஹீம்தான் உக்காந்து வேலை பார்க்குது! ஹீமைப் பிடிக்கிறவனை அளக்க இன்னொரு ஹீம். (வெள்ளைக்காரன் நம்ம முருங்கையைக் குதிரைமுள்ளங்கி மரம்னுதான் கூப்பிட்டிருக்கான், வேர் அதே மாதிரி காரமா இருக்குதாம். நான் கடிச்சுப் பார்த்ததில்ல, நீங்களும் கடிக்காதீங்க.)

இப்போ நான் செஞ்ச கூத்துக்கு வர்றேன். ஹீமோபெக்சின் சீரத்துல மில்லிக்கு ஒரு மில்லிகிராம் வாக்குல இருக்கும். எங்க தட்டால அளக்க முடிஞ்சது மில்லிக்கு 200 நானோகிராம் வரைக்கும்தான். ஒரு மில்லிகிராம்னா பத்து லட்சம் நானோகிராம். அதனால 20,000 மடங்கு நீர்க்கடிக்கணும். ஒரே தடவையில முடியாது. முதல்ல 10 மைக்ரோலிட்டர் சீரத்தை 990-ல விட்டா 100 மடங்கு. அதுல 10 எடுத்து 1990-ல விட்டா இன்னொரு 200 மடங்கு. முடிஞ்சுது.

தட்டைப் படிச்சப்போ 24 எலியோட குழியும் பளீர்னு ஒரே மஞ்சள். உப்புத்தண்ணி போட்டதும் அப்படித்தான், ஃபீனைல்ஹைட்ரசின் போட்டதும் அப்படித்தான். எல்லாமே வளைகோட்டுக்கு மேல. நான் என்ன பண்ணியிருக்கணும்? அளவு தாண்டிப்போச்சு, திரும்பப் போடணும்னு எழுதியிருக்கணும். பண்ணல. எல்லாத்தையும் 200-னு எடுத்து 20,000-ஆல பெருக்கினேன். எல்லா எலிக்கும் மில்லிக்கு நாலு மில்லிகிராம். புத்தகத்துல இருக்கிறதை விட நாலு மடங்கு. அதுக்கும் ஒரு காரணம் கண்டுபிடிச்சேன் பாருங்க. உடம்புல அழற்சி வந்தா ஹீமோபெக்சின் உற்பத்தி ஏறும். இது உண்மைதான். ஊசி குத்தினதே அழற்சி, அதான் ரெண்டு பக்கமும் ஏறிடுச்சு, அதான் வித்தியாசம் தெரியலன்னு அழகா ஒரு பத்தி எழுதினேன். படிச்ச முட்டாளுக்குக் காரணம் கண்டுபிடிக்கச் சொல்லியா தரணும். பேராசிரியர் அதை அரையாண்டு அறிக்கையில சேர்த்து அனுப்பிட்டார்.

டிசம்பர் கடைசியில வைகுண்ட ஏகாதசிக்கு ஊருக்குப் போனேன். எங்க ஊர் திருவேங்கடமுடையான் கோயிலைத் தென்திருப்பதின்னு சொல்லுவாங்க. அப்பத்தாவுக்கு அன்னிக்குக் கோயில் போயிட்டு வந்து வீட்லயும் தீர்த்தம் வெக்கணும். குடத்துத் தண்ணியில துளசி, ஏலக்காய், ஒரு துணுக்கு பச்சைக் கற்பூரம். அன்னிக்குக் கண்ணு மங்கலா இருந்ததோ என்னமோ, கற்பூரம் கூடிப்போச்சு. வாயில வெச்சா சுரீர்னு கசப்பு.

"துளசி போட்டியா அப்பத்தா?"

"போட்டேன் அப்பு. இந்தக் கசப்புல துளசி எங்கிட்டுத் தெரியும்? இன்னொரு குடத்துல ஊத்தி எளக்கணும்."

சினிமாவுல வர்ற மாதிரி அந்த நிமிஷமே பல்பு எரிஞ்சுதுன்னு சொல்ல ஆசைதான். எரியல. எளக்கிக் கொடுத்ததைக் குடிச்சுட்டுப் படுத்துட்டேன். மறுநாள் மத்தியானம் திண்ணையில உக்காந்து ஆய்வகக் குறிப்பேட்டோட நகலைப் பார்த்து நீட்டா எழுதிட்டிருந்தப்போதான் கண்ணுல பட்டுது. ரெண்டாவது நீர்ப்பு: 100 + 1900. என் கையெழுத்துதான். 10 இல்ல, 100. இருநூறு மடங்குக்குப் பதிலா இருபது மடங்கு. அன்னிக்கு மஞ்சள் முனை டப்பா சீக்கிரம் தீர்ந்துபோச்சேன்னு நானே சலிச்சுக்கிட்டதும் ஞாபகம் வந்துச்சு. 10 மைக்ரோலிட்டருக்கு வெள்ளை முனைதான் போடணும்.

அடிவயிறு கலங்கிப்போச்சு. அந்தக் குறிப்பேட்டை என்னைத் தவிர யாரும் பார்க்கப் போறதில்ல. 100-ல ஒரு சுழியை அடிச்சு, 1900-ஐ 1990 ஆக்கினா முடிஞ்சுது. அரை நிமிஷ வேலை. ராத்திரி பூரா அதையேதான் நெனச்சுட்டுப் படுத்திருந்தேன். அப்பத்தா எழுந்து வந்து, "என்ன அப்பு, அந்த எலி நெனப்பா?"ன்னு கேட்டாங்க. நான் எலி கொல்ற வேலை பார்க்கிறது அவங்களுக்கு ஆரம்பத்துல இருந்தே பிடிக்காது.

"எத்தன எலி?"

"இருபத்திநாலு."

வேற ஒண்ணும் கேக்கல. பக்கத்துல உக்காந்து கொஞ்ச நேரம் விசிறிட்டுப் போயிட்டாங்க, மார்கழிக் குளிர்ல!

சென்னை வந்ததும் பேராசிரியர் அறைக்குப் போய் குறிப்பேட்டை விரிச்சு அந்த வரியைக் காட்டினேன். கத்துவார்னு நெனச்சேன். ரொம்ப நேரம் பேசாம பார்த்துட்டு, "சீரம் மிச்சம் இருக்கா?"ன்னு மட்டும் கேட்டார். இரும்பு, பிலிருபின்னு மத்தவங்க எடுத்தது போக ஒவ்வொரு எலிக்கும் ஒரு குட்டிக் குழாய், இருபது மைக்ரோலிட்டர் சொச்சம், உறைபெட்டியில இருந்துச்சு. எனக்குத் தேவை பத்து. இல்லேன்னா இன்னொரு 24 எலிக்கு நான் பதில் சொல்லணும்.

ரெண்டாவது தட்டுல இருபதாயிரமும் இருந்துச்சு, பக்கத்துலயே நாற்பதாயிரமும் போட்டுப் பார்த்தேன், ரெண்டு கணக்கும் ஒத்துப்போகுதான்னு. ஒத்துப்போச்சு. ரெண்டு குழாய்ல சீரம் லேசா சிவப்பா இருந்ததையும் எழுதி வெச்சேன், எடுக்கிறப்போ என் ஊசியில உடைஞ்ச ரத்தம் அது. ஹீமோகுளோபினே அந்த நொதி மாதிரி கொஞ்சம் நிறம் காட்டும், சரியா கழுவலேன்னா ஏமாத்தும். சிறுநீர்ல ரத்தம் பார்க்கிற பட்டை வேலை செய்யறதே அந்தக் குணத்தாலதான்.

அமிலம் விட்டதும் கருவியில வைக்க வேண்டிய தேவையே இல்ல. தட்டோட ஒரு பக்கம் மஞ்சள், ஒரு பக்கம் வெளிர்மஞ்சள். உப்புத்தண்ணி எலிங்களுக்கு மில்லிக்கு 0.9 மில்லிகிராம் வாக்குல, மத்ததுக்குப் பாதிக்கும் கீழ. அறிக்கைக்குத் திருத்தம் அனுப்பினோம். அதுல என் பேரும் காரணமும் இருந்துச்சு. அந்தத் திட்டம் முடிஞ்சதும் எனக்கு நீட்டிப்பு வரல. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கான்னு நான் கேக்கல, அவரும் சொல்லல.

பொங்கலுக்கு ஊருக்குப் போனப்போ அப்பத்தா கேட்டாங்க, "மறுபடியும் எலிய கொன்னியா?"

"இல்ல அப்பத்தா. மிச்சம் இருந்த ரத்தமே போதுமாயிருச்சு."

"எம்புட்டு மிச்சம்?"

தீர்த்த உத்தரணியை எடுத்து, நுனியில ஒரு சொட்டுல பாதி தண்ணி வெச்சுக் காட்டினேன். கிட்ட வாங்கி வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்துட்டு, "இதுலயா?"ன்னாங்க.