அரிசி மா பூசிய முகங்கள்

மலேசியாவின் சபா மாநிலத்தில், போர்னியோ தீவின் கிழக்குக் கரையில் அமைந்திருக்கிறது செம்போர்ணா என்ற சிறு துறைமுக நகரம். தாவாவ் விமான நிலையத்திலிருந்து வாகனத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரப் பயணம். படகுத்துறையிலும் மீன் சந்தையிலும் முதலில் கண்ணில் படுபவர்கள், முகம் நிறைய வெளிர்மஞ்சள் பூச்சோடு நடமாடும் பெண்கள்தாம்.

இவர்கள் கடலையே வாழ்விடமாகக் கொண்ட பஜாவ் இனத்தவர். பூச்சின் பெயர் 'புராக்'. அரிசியை ஊறவைத்து அரைத்து, மஞ்சளும் வாசனைப் பொருட்களும் சேர்த்து, நீரில் குழைத்துப் பூசிக்கொள்கிறார்கள். மலாய்ப் பெண்களிடமும் 'பெடாக் செஜுக்', அதாவது குளிர்ச்சிப் பொடி, என்ற ஒன்று உண்டு. அரிசியை நீர் மாற்றி மாற்றி வாரக்கணக்கில் ஊறவைத்து, அரைத்தெடுத்த மாவைச் சிறு துளிகளாக இட்டு வெயிலில் காயவைப்பார்கள்.

புராக் இங்கே தொழிற் பாதுகாப்பு. ஒமாடல் போன்ற தீவுகளில் கடற்பாசி வளர்ப்பில் பெண்களின் பங்கு பெரிது. பூமத்திய ரேகைக்கு அண்மையிலுள்ள கடல். மேலே வெயில், கீழே நீரில் பட்டுத் தெறிக்கும் ஒளி. "பூசாவிட்டால் முகம் எரியும்" என்றார் துறையில் நின்ற ஒரு தாய். அவர் சொல்வது வெறும் எரிச்சலைப் பற்றியதன்று. இவர்களில் பலருக்குக் குடியுரிமைப் பத்திரங்கள் இல்லை. அரச வைத்தியசாலையில் வெளிநாட்டவருக்குரிய கட்டணமே அறவிடப்படும். ஆகவே நோய் வருமுன் காப்பதே அவர்களுக்குள்ள வழி.

ஆனால் மாப்பூச்சு எவ்வளவு காக்கும்? தடித்த வெண்பூச்சு ஒளியில் ஒரு பகுதியைச் சிதறடிக்கிறது. சருமத்துக்குக் குளிர்ச்சியும் தருகிறது. எனினும் மாப்பொருள் தானாகப் புற ஊதாக் கதிர்களை உறிஞ்சுவதில்லை. வியர்வையிலும் கடல்நீரிலும் கரைந்துவிடும். கடையில் விற்கும் வெயில் கிறீம்களிலும் அரிசி, சோளம் முதலியவற்றின் மாப்பொருள் சேர்க்கப்படுவதுண்டு. அது பிசுபிசுப்பைக் குறைத்து, கிறீம் சீராகப் பரவ உதவுகிறது. கதிரைத் தடுக்கும் வேலையைச் செய்வது சிங்க் ஒக்சைட் போன்ற பொருள்களே. ஆகவே சகோதரிகளே, 'இயற்கை மாவினால் ஆனது' என்ற வாசகத்தை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல் என்று குறிக்கப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். வெயிலில் நின்றால் இரண்டு மணிக்கு ஒரு தடவை மீண்டும் பூசவேண்டும். கிறீம் வாங்க வசதியில்லையா? அகன்ற தொப்பியும் முழுக்கைச் சட்டையும் நல்ல காவல். நண்பகலில் நிழலில் ஒதுங்குவதும் செலவில்லாதது.

நம் கிளிநொச்சி வலைப்பாட்டுக் கரையிலும் பெண்கள் கடற்பாசி வளர்க்கிறார்கள். வயலிலும் தேயிலைத் தோட்டத்திலும் வெயிலில் நிற்கும் சகோதரிகள் எத்தனை பேர்! முகத்தில் ஏதேனும் பூசினால் "வேலைக்குப் போகிறாயா, கலியாணத்துக்கா?" என்று கேலி செய்பவர்கள் நம்மிடையே உண்டு. செம்போர்ணாவில் அப்படி யாரும் கேட்பதில்லை. உழைக்கும் பெண் தன் உடலைப் பேணுவது அங்கே அன்றாட வேலைகளில் ஒன்று.