அப்பா மறைத்த ஒன்பது நாள்

"ஏய்யா, அப்பா நாலு நாளா சரியாச் சாப்பிடல. நீ குடுத்த கார்டை எடுத்து எடுத்துப் பாக்குறாக. என்னன்னு கேட்டா எரிஞ்சு விழுறாக."

2022 தீபாவளிக்கு மூணு நாள் இருக்கும்போது விருதுநகரிலிருந்து அம்மா போன். நான் இங்கே புனேயில் ஹிஞ்சவாடி டிராபிக்கில் ஆமை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தேன். அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன். "ஒண்ணுமில்லய்யா" என்று மூன்று தடவை சொன்னார். நாலாவது தடவை குரல் உடைந்துவிட்டது.

விஷயம் இதுதான். என் கிரெடிட் கார்டுக்குத் துணைக் கார்டு ஒன்று வாங்கி அப்பாவிடம் கொடுத்திருந்தேன். ஓடிபி அவர் போனுக்கே போகும்படி ஏற்பாடு. பேரனுக்கு தீபாவளிக்கு சைக்கிள் அனுப்பணும் என்று அவருக்கு ஆசை. போனில் வந்த விளம்பரம் ஒன்றில் நல்ல கியர் சைக்கிள் வெறும் 1,999 ரூபாய். தொட்டால் அழகான கடை மாதிரி ஒரு பக்கம் திறந்திருக்கிறது. கார்டு எண், பின்னால் இருக்கும் மூன்று இலக்கம், ஓடிபி எல்லாம் போட்டுவிட்டார். போனது 19,990.

ஓடிபி வந்த செய்தியிலேயே தொகை எழுதியிருக்கும். அப்பா ஆறு எண்ணை மட்டும் பார்த்தார். தாலுகா ஆபீசில் முப்பது வருஷம் ஒரு கமா விடாமல் ஃபைல் படித்த மனுஷன்! அவரைச் சொல்லி என்ன, நாம் எத்தனை பேர் அந்தச் செய்தியை முழுசாகப் படிக்கிறோம்?

சரி, அன்றைக்கே சொல்லியிருக்கலாமே? ஒன்பது நாள் சொல்லவில்லை. அதற்குள் இன்னும் இரண்டு தடவை, ஏதோ வெளிநாட்டுத் தளங்களில் டாலர் கணக்கில் பணம் போயிருக்கிறது. அதற்கு ஓடிபியே வரவில்லை. நம் ஊர்க் கடைகள் மாதிரி வெளிநாட்டுத் தளங்கள் எல்லாமே ஓடிபி கேட்பதில்லை. கார்டு விவரம் கையில் இருந்தால் போதும்.

"ஏம்ப்பா சொல்லல?" என்று கத்த வாயெடுத்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டேன். காரணம் எனக்கே தெரியும். அதற்கு இரண்டு வருஷம் முன்னால் ஏடிஎம்மில் யாரோ ஒரு பையனிடம் கார்டைக் கொடுத்து "எடுத்துக் குடுப்பா" என்று கேட்டதற்காக அரை மணி நேரம் போனிலேயே அப்பாவைக் காய்ச்சி எடுத்திருந்தேன். அன்றைக்குப் பணம் ஒன்றும் போகவில்லை. ஆனால் 'இவன்கிட்ட இனி எதையும் சொல்லக்கூடாது' என்று அவர் முடிவு செய்தது அன்றைக்குத்தான்.

இன்னொரு கூத்து. 2020 அக்டோபரிலிருந்து வரும் புதுக் கார்டுகளில் வெளிநாட்டு உபயோகம் மூடியேதான் வரும். நாமாகத் திறந்தால்தான் உண்டு. அப்பாவின் கார்டில் அதைத் திறந்து வைத்த புண்ணியவான் யார்? அடியேன்தான். 'எதுக்கும் இருக்கட்டும்' என்று எல்லா சுவிட்சையும் தட்டிவிட்டிருந்தேன்.

வண்டியை ஓரம்கட்டி முதலில் கார்டை முடக்கினேன். அடுத்து 1930-க்குப் போன். பிறகு வங்கிக்கு எழுத்தில் புகார். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி விட்ட சுற்றறிக்கையை அன்று ராத்திரிதான் முழுசாகப் படித்தேன். தப்பு நம்முடையதும் இல்லை, வங்கியுடையதும் இல்லை என்றால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நஷ்டமே இல்லை. நாலிலிருந்து ஏழு நாள் என்றால் ஒரு வரம்புக்குள் நஷ்டம். அதற்கும் மேலே போனால் வங்கியின் கொள்கைப்படி. நாமே ஓடிபியைக் கொடுத்திருந்தால், புகார் செய்யும்வரை போனதெல்லாம் நம் தலையில். ஆனால் புகார் செய்த நிமிஷத்துக்குப் பிறகு போவது வங்கி தலையில். ஆக, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு விலை இருக்கிறது.

எங்கள் கணக்கு எப்படி முடிந்தது? 19,990 போயே போச்சு. டாலரில் போனவற்றில் கடைசியாகப் போனது மட்டும் திரும்பி வந்தது. அது போய் இரண்டு நாள்தான் ஆகியிருந்தது.

அன்று ராத்திரி அப்பாவிடம் மறுபடி பேசினேன். தங்கமணியைத் தவிர யாரிடமும் சொல்லாத கதை ஒன்றைச் சொன்னேன். 2011-ல் இதே புனேயில் ஒரு ஹோட்டலில் பில்லோடு என் கார்டை உள்ளே எடுத்துப் போனார்கள். அப்போது காந்தப் பட்டைக் கார்டு. கிரெடிட் கார்டுக்குக் கையெழுத்து போதும். இரண்டு வாரம் கழித்து நான் போயே இராத ஊரில் 14,000 ரூபாய்க்கு யாரோ துணி எடுத்திருந்தார்கள். பட்டையைப் பிரதி எடுத்திருக்கிறார்கள்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "அப்ப நீயும் ஏமாந்தவன்தானா?" என்றார் அப்பா. அப்புறம் சிரிப்புச் சத்தம். பின்னால் அம்மா தட்டு எடுத்து வைக்கும் சத்தமும் கேட்டது.

அதற்கப்புறம் எங்கள் வீட்டுச் சட்டம் இவ்வளவுதான். இணையத்தில் வாங்க வரம்பு குறைந்த கார்டு தனியாக ஒன்று. வெளிநாட்டு உபயோகம் தேவைப்படும் அன்றைக்கு மட்டும் திறப்பது. விளம்பரத்தைத் தொட்டுக் கடைக்குப் போகாமல், முகவரியை நாமே அடிப்பது. கடையில் மெஷினை நம் முன்னால் கொண்டுவரச் சொல்வது. பணம் திரும்ப வர ஓடிபி கேட்டால் அவன் திருடன். வங்கி எண்ணை இணையத்தில் தேடினால் போலி எண்ணும் மாட்டும். அதனால் கார்டின் பின்னால் இருக்கும் எண் அம்மாவின் பால் கணக்கு நோட்டில் எழுதியிருக்கிறது.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: யார் ஏமாந்தாலும் முதல் ஒரு மணி நேரம் திட்டக் கூடாது. திட்டுக்குப் பயந்து மறைக்கிற நேரத்தில்தான் திருடன் நிம்மதியாகக் கடைக்குப் போகிறான்.

இப்போதெல்லாம் மீட்டிங் நடுவில் போன் வரும்.

"ஏய்யா, வேட்டி 640 ரூவா. ஓடிபியிலயும் 640-ன்னுதான் போட்டிருக்கு. போட்டுறட்டா?"

"போடுங்கப்பா."